யார் வெளியே நிற்கிறார்?

மத உரிமையும் சமத்துவமும் மோதும் வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டுவருகின்றன. அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்கிறது புதிய சட்ட ஆய்வு.

1970 டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அப்பா அர்ச்சகர் என்பதாலேயே மகனும் அர்ச்சகர் ஆகும் பரம்பரை உரிமை அதோடு ஒழிந்தது. முதலமைச்சராக இருந்தவர் மு.கருணாநிதி. கருவறைக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய வேண்டும் என்று பெரியார் அறிவித்திருந்த கிளர்ச்சிதான் அந்தச் சட்டத்துக்கு உந்துதல். அரசுப் பயிற்சிப் பள்ளிகளில் படித்துத் தேறியவர்களில் 24 பேருக்கு ஒரே நாளில் அர்ச்சகர் பணி நியமன ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்ட் 14-ல். அதற்கு முன் 2018-ல் மதுரையில் ஓர் ஐயப்பன் கோயிலில் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். சட்டத்துக்கும் ஆணைக்கும் நடுவே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

இத்தனைக்கும் அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 1972-ல் தீர்ப்பளித்தது. செல்லுபடியான சட்டம் ஏன் ஐம்பது ஆண்டுகள் கருவறை வாசலைத் தாண்டவில்லை? இதற்குப் பதில் தேடினால் சபரிமலை, ஹாஜி அலி தர்கா, தாவூதி போரா சமூகத்தின் சமூகவிலக்கு, கர்நாடகக் கல்லூரிகளின் ஹிஜாப் தடை என்று நாட்டின் பெரிய வழக்குகள் எல்லாம் ஒரே முடிச்சில் வந்து நிற்பது தெரியும். மத வழக்கு ஒன்று முன்னால் வந்தவுடன் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்விதான் அந்த முடிச்சு: இந்த வழக்கம் இந்த மதத்துக்கு இன்றியமையாததா?

ஷிரூர் மடத்திலிருந்து

அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தையும், தான் விரும்பும் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. 26-வது பிரிவு மதப் பிரிவுகள் தங்கள் மத விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. முதலாவது தனிமனிதருடையது, இரண்டாவது குழுவினுடையது. பொது இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 25-வது பிரிவே அரசுக்கு அளித்திருக்கிறது. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழித்தது.

இந்த நாட்டில் மதம் பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்வின் ஒவ்வொரு மூலையையும் பிடித்துவைத்திருக்கிறது. அதன் எல்லையை நம்பிக்கை, சடங்கு ஆகியவற்றோடு நிறுத்தாவிட்டால் எந்தச் சமூகச் சீர்திருத்தமும் நடக்காது என்று 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எச்சரித்தார். சொத்து, வாரிசு, திருமணம் போன்றவை மதத்தின் பெயரால் சட்டத்துக்கு அப்பால் போய்விடக் கூடாது என்பதே அவர் கவலை.

அந்த எல்லையை எங்கே போடுவது என்ற வழக்கு சென்னை மாகாணத்திலிருந்துதான் போனது. உடுப்பியின் ஷிரூர் மடத்துக்கும் சென்னை அறநிலையத் துறைக்கும் நடந்த வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். எது ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று நீதிபதி பி.கே.முகர்ஜி எழுதினார். சாமிக்கு எந்த நேரத்தில் என்ன நைவேத்தியம் என்பதும் மத விஷயமே, அதில் அரசு தலையிட முடியாது. மத நம்பிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை என்றுதான் அன்று தோன்றியது.

ஏழே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. அஜ்மீர் தர்கா வழக்கில் 1961-ல் நீதிபதி கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்து மதத்தின்மேல் ஒட்டிக்கொண்ட வழக்கங்களுக்குப் பாதுகாப்பு கிடையாது என்றார். எது மதம், எது ஒட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கும் வேலை நீதிபதியின் மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து நீதிபதிகள் வேதம், குர்ஆன், ஆகமம், அங்கி அணிந்த சாமியார்களின் பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் புரட்டி மதத்துக்கு உரை எழுதத் தொடங்கினார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆனந்த மார்க்க வழக்கே சாட்சி. மண்டையோடும் திரிசூலமும் ஏந்தித் தெருவில் தாண்டவம் ஆடும் உரிமையை அந்த அமைப்பினர் கேட்டனர். அமைப்பு தொடங்கியது 1955-ல், தாண்டவம் சேர்க்கப்பட்டது 1966-ல். இடைப்பட்ட ஆண்டுகளில் தாண்டவம் இல்லாமலே மதம் நடந்திருக்கிறது, ஆகவே அது இன்றியமையாதது ஆகாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. பொது ஒழுங்கு கருதித் தடுத்திருந்தால் அது வேறு பேச்சு. தொடங்கிய அன்றே ஒரு மதம் முற்றுப்பெற்றுவிட வேண்டும் என்பதல்லவா இந்தத் தர்க்கத்தின் பொருள்?

மார்க் கலாண்டர், ராஜீவ் தவான், ரணஜாய் சென் எனப் பல ஆய்வாளர்கள் இந்த இன்றியமையாமைச் சோதனையைக் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். தன் நம்பிக்கை எது என்று சொல்லும் உரிமையை நம்பிக்கையாளரிடமிருந்து இது பறிக்கிறது என்பது ஒரு குறை. சமத்துவம் கேட்டு வந்தவரையும் இது கைவிடுகிறது என்பது இன்னொரு குறை. இரண்டாவதைப் புரிந்துகொள்ளத் தமிழகத்துக்குத் திரும்ப வேண்டும்.

கருவறை வாசலில்

1970-ம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்துத் தொடரப்பட்டது சேஷம்மாள் வழக்கு. வைணவ, சைவக் கோயில்களின் பரம்பரை அர்ச்சகர்கள் கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் ஆகம நூல்களை முன்வைத்தார்கள். வைகானச ஆகமப்படி பிருகு, அத்ரி, மரீசி, காசியபர் ஆகிய நான்கு ரிஷிகளின் மரபில், வைகானசப் பெற்றோருக்குப் பிறந்தவரே மூலவரைத் தொட்டுப் பூஜை செய்யலாம் என்று பிரமாணப் பத்திரம் சொன்னது. மற்றவர் தொட்டால் சிலையின் தெய்வ சாந்நித்தியம் கெடும். பிராமணராக இருந்தாலும் மடாதிபதியாக இருந்தாலும் இதே விதிதான். சிவன் கோயில்களில் அந்த இடம் ஆதிசைவச் சிவாச்சாரியார்களுக்கு.

1972 மார்ச்சில் வந்த தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தது. அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல், ஆகவே பரம்பரை உரிமையை அரசு ஒழிக்கலாம் என்றது. நியமிக்கப்படுபவர் ஆகமம் சொல்லும் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. அர்ச்சகரின் மகனுக்கே வேலை என்ற விதி போய், அர்ச்சகரின் சாதிக்கே வேலை என்ற விதி மிஞ்சியது.

2006 மே மாதம் தமிழக அரசு, தகுதியும் பயிற்சியும் உள்ள எந்த இந்துவும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை பிறப்பித்தது. ஆறு பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் படித்து முடித்தனர். ஆணை உடனே நீதிமன்றத்துக்குப் போனது. ஆதி சைவ சிவாச்சாரியார்கள் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு மறுபடியும் அரசாணையை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு நியமனமும் அந்தந்தக் கோயிலின் ஆகமத்துக்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்றது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பணி விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு அமைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு சேலம் சுகவனேஸ்வரர் கோயில் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஆகமத்தில் தேர்ச்சி இருந்தால் போதும், சாதி வழியிலான பிறப்புக்கு அர்ச்சகர் நியமனத்தில் இடமில்லை என்றார்.

ஆகமம் என்பது கற்க வேண்டிய அறிவா, பிறப்பிலேயே வரும் உரிமையா? அரை நூற்றாண்டாக நீதிமன்றங்கள் இதில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கின்றன. இங்கே மானிடவியலாளர் சி.ஜே.ஃபுல்லரின் ஆய்வு வெளிச்சம் தருகிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பட்டர்களோடு நெடுங்காலம் பழகி 1984-ல் ஒரு நூலும், 2003-ல் இன்னொரு நூலும் எழுதியவர் அவர். அன்றைய பட்டர்களில் பெரும்பாலோர் ஆகம நூல்களைப் பாடசாலையில் படித்தவர்கள் அல்லர். அப்பாவோடும் சித்தப்பாவோடும் நின்று, அலங்காரம் செய்து, தீபம் காட்டி, கையாலும் கண்ணாலும் கற்றவர்கள். கோயில் நடப்பது வழக்கத்தால். நீதிமன்றமோ நூலைக் கேட்கிறது. அன்றாட வழிபாட்டில் நூலுக்கு இல்லாத அதிகாரத்தைத் தீர்ப்புகளே அதற்கு வழங்கிவிட்டன என்று ஃபுல்லர் காட்டுகிறார்.

ஆகமம் பயின்று சான்றிதழ் வாங்கியவர் வாசலில் நிற்கிறார். அவருக்கு ஏற்பட்ட இழப்பு என்ன என்று எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் முதலில் கேட்கவில்லை. நூலில் என்ன எழுதியிருக்கிறது என்றே கேட்டது. ஓலைச்சுவடிக்கும் பிரமாணப் பத்திரத்துக்கும் பின்னால் அவருடைய சமத்துவம் வரிசையில் காத்திருந்தது.

பதினெட்டாம் படி

சபரிமலையில் 10 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்கு இருந்த தடையை 1991-ல் கேரள உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2018 செப்டம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. அந்த நாலு பேரும் ஒரே பாதையில் வரவில்லை. தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, ஐயப்ப பக்தர்கள் தனி மதப் பிரிவு அல்லர், இந்தத் தடை இன்றியமையாதது அல்ல என்று பழைய பாதையிலேயே நடந்தார். நீதிபதி சந்திரசூட் மாதவிடாயைக் காரணம் காட்டி விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவம் என்றார். இன்றியமையாமைச் சோதனையையே கேள்விக்கு உட்படுத்தினார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ரா. மத நம்பிக்கை பகுத்தறிவுக்கு உட்படுகிறதா என்று அளப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல. வழக்குப் போட்டவர்கள் அந்தக் கோயிலின் பக்தர்களும் அல்லர் என்றார். அவருடைய முதல் வாதத்தில் வலு இருக்கிறது. இன்றியமையாமைச் சோதனையை ஆய்வாளர்கள் குறை சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். இரண்டாவதற்கு ஒரு பதில் உண்டு: ஊரும் உறவும் எதிர்த்து நிற்கும்போது தன் சாமியின் பெயரில் வழக்குப் போட ஒரு பக்தைக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! 2019 ஜனவரி 2-ல் இரண்டு பெண்கள் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பியதும் நடை சாத்திப் பரிகார பூஜை செய்யப்பட்டது. அவர்கள் கால் பட்டதற்குக் கோயில் கொடுத்த பதில் அது.

2019 நவம்பரில் மறுஆய்வு மனுக்களை விசாரித்த அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அடிப்படைக் கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2020-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஏழு கேள்விகளை வகுத்தது. 25-க்கும் 26-க்கும் என்ன உறவு, அரசமைப்பு சொல்லும் ஒழுக்கம் எது, ஒரு மதத்தைச் சேராதவர் அதன் வழக்கத்தை எதிர்த்துப் பொதுநல வழக்குப் போடலாமா என்பன அவற்றில் சில.

புதிய ஆய்வுகள் சொல்வது

அரசமைப்புச் சட்ட அறிஞர் கௌதம் பாட்டியா 2016-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும், 2019-ல் வந்த நூலிலும் வேறொரு அளவுகோலை முன்வைக்கிறார். மதக் குழுக்களின் சுயாட்சியை மதிக்க வேண்டும். எது இன்றியமையாதது என்ற ஆராய்ச்சி நீதிமன்றத்துக்கு வேண்டாம். ஆனால் ஒரு வழக்கம் ஒரு மனிதரைச் சமூக வாழ்வின் அடிப்படையான இடங்களிலிருந்து விலக்கி அவருடைய கண்ணியத்தைக் குலைக்குமானால், அங்கே குழுவின் உரிமை விட்டுக்கொடுக்க வேண்டும். விலக்கலுக்கு எதிரான இந்தக் கோட்பாட்டை சந்திரசூட் தன் சபரிமலைத் தீர்ப்பில் எடுத்தாண்டார்.

இதன் வேர் பழைய தீர்ப்பு ஒன்றில் இருக்கிறது. தாவூதி போரா சமூகத் தலைவருக்கு, தன் சமூகத்தவரைச் சமூகவிலக்கு செய்யும் அதிகாரம் உண்டு என்று 1962-ல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். விலக்கப்பட்டவருக்கு மசூதி இல்லை, சமூகத்தின் அடக்கத்தலம் இல்லை, உறவு இல்லை. தலைமை நீதிபதி பி.பி.சின்ஹா மட்டும் மறுத்தார்: ஒரு மனிதரை உயிரோடு சமூகத்திலிருந்து அழிக்கும் இச்செயல் தீண்டாமைக்கு நிகரானது, இதைத் தடைசெய்த பம்பாய்ச் சட்டம் செல்லும் என்றார். தனித்து நின்ற அந்தக் குரல் அறுபதாண்டு கழித்து மீண்டும் கேட்கிறது. 1962-ன் தீர்ப்பை மறுபரிசீலனைக்காக 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதே ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.

தருணாப் கைதானும் ஜேன் கால்டர்வுட் நார்ட்டனும் இணைந்து எழுதிய கட்டுரை இன்னொரு தெளிவைத் தருகிறது. மதச் சுதந்திரமும் மதப் பாகுபாட்டுக்கு எதிரான உரிமையும் ஒன்றல்ல என்கிறார்கள் அவர்கள். முதலாவது, நம்புவதா வேண்டாமா, எப்படி வழிபடுவது என்ற முடிவை ஒருவர் தானே எடுக்கும் உரிமையைக் காக்கிறது. இரண்டாவது, ஒரு மதத்தில் பிறந்ததாலோ இருப்பதாலோ வாழ்வில் பின்தள்ளப்படாமல் இருக்கும் உரிமையைக் காக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் இரண்டுமே தப்பாக நிறுக்கப்படும்.

சபரிமலை பற்றி 2024-ல் நூல் வெளியிட்ட தீபா தாஸ் அசிவேடோ நம் கவனத்தை அரசின் பக்கம் திருப்புகிறார். சபரிமலையை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டு சட்டத்தால் உருவான அமைப்பு; பெண்களைத் தடுத்த விதி 1965-ல் அரசு வகுத்த விதி. தமிழ்நாட்டிலும் அர்ச்சகர் நியமனம் முதல் உண்டியல் கணக்கு வரை அறநிலையத் துறையின் கையெழுத்து இருக்கிறது. மதத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்களும், பிறப்பு வழித் தடையை அரசின் அதிகாரத்தாலும் நீதிமன்றத்தின் ஆணையாலும் காப்பாற்றித் தரவே கேட்கிறார்கள்.

இந்த ஆய்வுகளை நம் வழக்குகளோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்கு உறுதியாகத் தெரிவது இது. அமெரிக்காவில் இந்த மோதல் பெரும்பாலும் பொதுச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்கும் நம்பிக்கையாளருக்கும், அந்தச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் வெளியாருக்கும் இடையே நடக்கிறது. தன்பாலினத் தம்பதிக்குத் திருமண கேக் செய்ய மறுத்த கொலராடோ பேக்கரிக்காரரின் வழக்கு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவில் வாசலில் தடுக்கப்படுபவர் பெரும்பாலும் அதே சாமியைக் கும்பிடுபவர். ஆகமம் பயின்ற தலித் இளைஞர், ஹாஜி அலி தர்காவில் பெண்களும் உள்ளே செல்ல வேண்டும் என்று வழக்காடி 2016-ல் வென்ற முஸ்லிம் பெண்கள், விலக்கப்பட்ட போரா மனிதர், எல்லாரும் பக்தர்களே. அவர்கள் மதத்துக்கு எதிராக வரவில்லை, மதத்துக்குள் இடம் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் 25-வது பிரிவு உண்டு; எல்லாரும் சமமாக அந்த உரிமை உடையவர்கள் என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. சமத்துவம் வெளியிலிருந்து மதச் சுதந்திரத்தின் மேல் பாய வரவில்லை. அது அந்த உரிமையின் உள்ளேயே இருக்கிறது.

தடுப்பது கல்லூரியாக இருந்தால்

இந்த அளவுகோல் பெரும்பான்மையின் கையில் சிறுபான்மையை அடிக்கும் தடியாகிவிடாதா? நியாயமான அச்சம். அதற்கான சோதனை ஹிஜாப் வழக்கு. 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்துக்கு இன்றியமையாதது அல்ல என்று குர்ஆன் வசனங்களை ஆராய்ந்து தீர்ப்புச் சொன்னது. ஹிஜாப் தடை நிலைத்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி சுதான்ஷு தூலியா, இந்த வழக்கில் மத நூல் ஆராய்ச்சியே தேவையில்லை என்றார். கிராமத்திலும் சிறுநகரத்திலும் ஒரு பெண் பிள்ளை பள்ளிக்குப் போவதே பெரும்பாடு. வாசலில் அவளை நிறுத்தி அவள் வாழ்வை நாம் மேம்படுத்துகிறோமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

யார் வெளியே நிற்கிறார், எதிலிருந்து, யாரால், என்ன இழப்போடு என்று கேட்டுப் பாருங்கள். கருவறையில் தடுக்கப்படுபவர் பிறப்பால் விலக்கப்பட்டவர். உடுப்பிக் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்டவர் படிக்க வந்த மாணவி, தடுத்தது அரசு ஆணை. ஒரே கேள்வி முதல் இடத்தில் குழுவைக் கட்டுப்படுத்துகிறது, இரண்டாவது இடத்தில் அரசைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டு இடத்திலும் அது எளியவரின் பக்கம் நிற்கிறது. நூலாராய்ச்சிக்கு இந்தப் பக்கச் சார்பு கிடையாது. அதனால்தான் அது இருவரையும் கைவிட்டது.

தேசிய கீதம் பாடாமல் எழுந்து நின்ற யெகோவாவின் சாட்சிகள் பிரிவுப் பிள்ளைகள் மூவரைக் கேரளப் பள்ளி நீக்கியபோது, 1986-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டார். அந்த நம்பிக்கை நமக்குச் சரியாகப் படுகிறதா என்று அவர் பார்க்கவில்லை; அது உள்ளார்ந்ததா என்று மட்டுமே பார்த்தார். நம்பிக்கையின் பேரில் வேறு யாரையும் வெளியே தள்ளாத பிள்ளைகள் அவர்கள்.

எல்லை எங்கே?

எல்லாவற்றையும் சமத்துவத்தின் பெயரால் நீதிமன்றம் திருத்தப் புறப்பட்டால் மதமே மிஞ்சாது என்பவர்களின் கவலையைத் தள்ளிவிட முடியாது. எந்த வேளையில் எந்தப் பூஜை, எந்த நைவேத்தியம், எத்தனை நாள் விரதம், எந்தத் தத்துவம் சரி என்பவற்றில் ஷிரூர் மடத் தீர்ப்பு சொன்னதே சரி. அங்கே நீதிமன்றத்துக்கு வேலை இல்லை. அர்ச்சகருக்கு ஆகமம் தெரிந்திருக்க வேண்டும், விரதம் காக்க வேண்டும், தீட்சை பெற்றிருக்க வேண்டும் என்ற தகுதிகளை மதம் வகுக்கட்டும். அந்தத் தகுதிகளை ஒருவர் முயன்று அடைய முடியும். இன்ன வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை யாரும் முயன்று நிறைவேற்ற முடியாது. கோடு அங்கேதான் விழ வேண்டும்.

அப்படி ஒரு கோட்டை உச்ச நீதிமன்றமே ஒருமுறை போட்டிருக்கிறது. கேரளத்தின் நீரிக்கோடு சிவன் கோயிலில் பிராமணரல்லாத ஒருவரைப் பூசாரியாக நியமித்ததை எதிர்த்த வழக்கில், 2002-ல் நீதிபதி துரைசாமி ராஜு எழுதிய தீர்ப்பு, மனித கண்ணியத்துக்கும் சமூக சமத்துவத்துக்கும் எதிரான வழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்றது. மந்திரமும் தந்திரமும் முறையாகக் கற்றவர் அந்தப் பூசாரி. அதுவே போதும் என்றது நீதிமன்றம்.

தமிழ்நாட்டில் 2023-ல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். அவர்களுடைய உரிமையை மீண்டும் ஒரு ஐம்பதாண்டு நூலாராய்ச்சிக்கு அனுப்பக் கூடாது. ஆகமக் கோயில் எது என்று பிரிக்கும் குழுக்கள் பிறப்பைத் தகுதியாக ஏற்கக் கூடாது; அறநிலையத் துறை பயிற்சி பெற்றவர்களைச் சிறுகோயில்களில் மட்டும் ஒதுக்கிவைத்துக் கணக்குக் காட்டக் கூடாது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு இன்றியமையாமைச் சோதனையைக் கைவிட்டு, விலக்கப்பட்டவரின் இழப்பிலிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். நம்பிக்கையை நம்புபவர் வரையறுக்கட்டும். அந்த நம்பிக்கையில் சம உரிமையோடு பங்குகொள்ள வந்த இன்னொரு பக்தரைப் பிறப்பைச் சொல்லித் தடுக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் யாருக்கும் தரப்படவில்லை.